வாயைக் கட்டுவதுதான் திருத்தவேலையா?

"அந்த எர்த் வயர்தான் ஐயா சுவிட்ச விழுத்துது. அத கழட்டி விட்டுட்டேன். இனிக் கரச்சல் இல்ல."

எங்கள் வீட்டுக் குளியலறையில் புதிதாகப் பொருத்தப்பட்ட கீசரைத் திருத்த வந்த இளைஞர் சொன்ன வார்த்தைகள் இவை. சொல்லிவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார். நானும் நன்றி கூறி, தேநீர் கொடுத்து, கேட்ட கூலிக்கு மேல் இருநூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவைத்தேன். நாற்பது ஆண்டு காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்து, கேள்வி கேட்காதவன் நிருபனாக இருக்க முடியாது என்று இளையவர்களுக்குப் பாடம் சொன்னவன், அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனவே இக்கட்டுரை முதலில் என்மீதான குற்றப்பத்திரிகை. மற்றவர்கள்மீதான குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு வருகிறேன்.

பண்டாரவளையின் குளிரை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நுவரெலியாவைப் போல உறையவைக்கும் குளிரன்று. எனினும் மார்கழி, தை மாதங்களின் விடியலில் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் பட்டால் வயது போனவர்களுக்கு மூச்சு ஒரு கணம் நின்றுபோகும். அறுபதைக் கடந்த இருவர் வாழும் வீட்டில் சுடுதண்ணீர் என்பது ஆடம்பரமன்று. கொழும்பு வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியதும் நானும் மனைவியும் செய்த முதற் செலவுகளில் ஒன்று, முப்பது லீற்றர் கொள்ளளவும் இரண்டாயிரம் வாட் வலுவும் கொண்ட ஒரு கீசர்.

விற்றவர்கள் 'இலவசமாகப் பொருத்தித் தருவோம்' என்றார்கள். பொருத்திய நாளில் ஊரில் குழாய் நீர் வரவில்லை. ஆனாலும் வேலையை முடித்துக் காட்ட வேண்டுமென்ற அவசரத்தில், வந்தவர் வெற்றுக் கலனுக்கே மின்சாரத்தைக் கொடுத்து, "சிவப்பு லைட் எரியுது பாருங்க" என்று காட்டிவிட்டு விடைபெற்றார். இந்தச் சிறிய காட்சியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் வந்த வினை இங்கிருந்துதான் முளைத்தது.

மறுநாள் தண்ணீர் வந்தது. கூடவே மூன்று குறைகளும் வந்தன. முதலாவது, சுடுதண்ணீர் இரண்டு நிமிடம்தான் வரும். பிறகு பச்சைத் தண்ணீர். இரண்டாவது, கலனின் அடியிலுள்ள சிறு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. மூன்றாவது, சில நாட்களில், கீசரைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. வீடே இருளும்; மீண்டும் தூக்கிவிடுவோம்; மீண்டும் விழும்.

திருத்த வந்த இளைஞர் ஒரு மணித்தியாலத்தில் மூன்றையும் 'சரிசெய்தார்'. வெப்பநிலையைக் கூட்டும் திருகை இறுதிவரை முறுக்கினார். சொட்டிக்கொண்டிருந்த வால்வின் வாயில் ஒரு மூடியை இறுக்கினார். எர்த் கம்பியைக் கழற்றினார். சுவிட்ச் விழவில்லை, தண்ணீர் சொட்டவில்லை, முன்னிலும் சூடாக நீர் வந்தது. வீட்டில் எல்லோரும் திருப்தியடைந்தோம்.

பதினோராம் நாள் மனைவி சொன்னாள்: "குழாயைத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி சுள்ளெண்டுது."

*

அயலிலுள்ள நண்பர் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் முப்பது ஆண்டுகள் இயந்திரங்களுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் விடயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். நான் வரும்வரை எவரும் அந்த அறைக்குள் போகக் கூடாது." வந்து பார்த்தார். கலனின் மூடியைக் கழற்றியதும், பச்சையும் மஞ்சளும் கலந்த அந்தக் கம்பி வெட்டப்பட்டு, மடிக்கப்பட்டு, கறுப்பு நாடாவால் சுற்றப்பட்டிருந்தது தெரிந்தது. சற்று நேரம் அவர் பேசவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்டவாறு எழுதுகிறேன்.

சுடுதண்ணீர் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோனதற்குக் காரணம், உள்ளே வரும் குழாயும் வெளியே செல்லும் குழாயும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தமை. சூடான நீர் இலேசானது, மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் கனமானது, அடியில் தங்கும். ஆகவே குளிர்ந்த நீர் கலனின் அடியில் நுழையவும், சூடான நீர் உச்சியிலிருந்து நீண்ட உட்குழாய் வழியாக வெளியேறவும் கீசர் அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் குளிர்ந்த நீர் உச்சியில் கொட்டிச் சூட்டைக் கலைத்துவிடும். குழாய்களில் நீல வளையமும் சிவப்பு வளையமும் போட்டிருப்பது இதற்காகத்தான். இதை அறியாமல் வெப்பநிலையைக் கூட்டியதால் நடந்தது வேறொன்று: அறுபது பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீர் ஒரு சில வினாடிகளில் தோலை வெந்துபோகச் செய்யும். இளமையின் விரைவு இல்லாத கைகளுக்கு அந்தச் சில வினாடிகள் போதாது.

இரண்டாவது, சொட்டிய வால்வு. தண்ணீர் சூடாகும்போது விரியும். முப்பது லீற்றர் நீரை எங்கள் ஊர்க் குளிரிலிருந்து அறுபத்தைந்து பாகைக்கு ஏற்றினால் அது ஏறத்தாழ அரை லீற்றருக்குச் சற்று அதிகமாக விரியும். வந்த வழியே திரும்பிச் செல்ல முடியாதபடி ஒருவழி வால்வு தடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்த மேலதிக நீர் வெளியேற ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல்தான் சொட்டுகிற வால்வு. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது தன் கடமையைச் செய்கிறது. எந்நேரமும் சொட்டினால் உள்ளே தூசி அடைத்திருக்கலாம். அல்லது வீட்டுக்கு வரும் நீரின் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். மலைநாட்டில் இந்த இரண்டாவது காரணத்தை எவரும் நினைப்பதில்லை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. நீர்த் தாங்கி குன்றின் உச்சியிலும் வீடு அறுபது மீட்டர் கீழே சரிவிலும் இருந்தால், குழாயைத் திறவாமலே ஆறு பார் அழுத்தம் கலனின்மீது அமர்ந்திருக்கும். சமதரையான கொழும்பில் இந்தப் பிரச்சினை இல்லை. பண்டாரவளையில் பாதி வீடுகள் சரிவில்தான் இருக்கின்றன. அதற்கான மருந்து, உள்வரும் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வொன்றைப் பூட்டுவது. எங்கள் வீட்டில் நடந்ததோ வாசலை அடைத்தது. அடைத்த வாசலோடு வெப்பநிலைக் கட்டுப்பாடும் ஒரு நாள் பழுதடைந்தால் என்னவாகும் என்று கேட்டேன். "சுவர் இருக்காது" என்றார் நண்பர்.

மூன்றாவது எர்த் கம்பி. வெற்றுக் கலனுக்கு மின்சாரம் கொடுத்த அன்று, நீரில் மூழ்கியிருக்க வேண்டிய வெப்பமூட்டும் கோல் வெறும் காற்றில் பழுக்கக் காய்ந்து, அதன் உறை வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பினூடாக நீர் உட்புக, மின்சாரம் கலனின் உலோக உடலுக்குக் கசிந்தது. நண்பர் தம்முடைய மெகர் கருவியை வைத்துப் பார்த்தபோது முள் சுழியத்தை ஒட்டி நின்றது.

இங்கேதான் ட்ரிப் சுவிட்சின் வேலையை வாசகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். உருகி என்பது கம்பி எரிந்துபோகாமல் காப்பது. மனிதரைக் காப்பது அதன் வேலையன்று. மனிதரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். உயிர்க்கம்பியால் போகும் மின்னோட்டமும் நொதுமற் கம்பியால் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடையறாது கணக்குப் பார்க்கிறது. வீடுகளில் பொருத்தப்படுவது பொதுவாக 30 மில்லியம்பியர் அளவினது. அவ்வளவு குறைந்த வேறுபாடு தோன்றினாலும், கண் இமைக்கும் நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் கம்பி சரியாக இருந்தால், கசியும் மின்சாரம் அதன் வழியே நிலத்துக்குப் போகும்; எவரும் தொடுவதற்கு முன்பே சுவிட்ச் விழும். எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் கசிந்த மின்சாரத்துக்குப் போக வழியில்லை. நீர்க் குழாய்களும் இப்போது பிளாஸ்ரிக். ஆகவே அது கலனின் உடலிலும் நீரிலும் காத்துக்கொண்டிருக்கும். ஈரக் கையோடு எவராவது வந்து தொடும்போது அவரே எர்த் கம்பியாகிறார். பதினொரு நாட்கள் எங்கள் வீட்டில் அந்தக் கம்பியாக இருந்தவர்கள் நானும் என் மனைவியும்.

*

நடந்தது இவ்வளவே. எவரும் சாகவில்லை. சாகாததால் இது செய்தியுமன்று. எனினும் எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் வீட்டில் நடந்தது தனியொரு இளைஞரின் தவறன்று, இந்நாட்டின் பழக்கம். குறையைக் கண்டு சொல்லும் உறுப்பையே குறையென்று எண்ணி அதன் வாயைக் கட்டுவதற்கு நாம் திருத்தவேலை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இது புதிய பைத்தியமும் அன்று. 1831ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் திகதி, அமெரிக்காவின் தென் கரோலைனாவில் 'பெஸ்ற் பிரண்ட் ஒஃப் சார்ள்ஸ்ரன்' என்ற நீராவிப் புகைவண்டி இயந்திரம் வெடித்துச் சிதறியது. காரணம், பாதுகாப்பு வால்விலிருந்து நீராவி சீறும் ஓசை தீ மூட்டுபவருக்குத் தொந்தரவாக இருந்தது. அவர் வால்வை மூடிவிட்டார். ஓசை நின்றது, சற்று நேரத்தில் கொதிகலன் வெடித்தது, அவரும் உயிரிழந்தார். அதற்குப் பிறகு உலகம் பாடம் படித்தது. நம் நாட்டிலும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், நீராவிக் கொதிகலன்களுக்குப் பாதுகாப்பு வால்வும் காலமுறைப் பரிசோதனையும் வேண்டுமென்கிறது. நண்பர் வேலை செய்த தொழிற்சாலையில் பாதுகாப்பு வால்வு சீறினால் அழுத்தம் ஏன் ஏறியது என்று தேடுவார்களாம். வால்வில் கைவைத்தவன் அன்றே வேலையை இழப்பானாம். தொழிற்சாலை வாசலைத் தாண்டி நம் வீட்டுக் குளியலறைக்கு வந்ததும் அந்த அறிவு எங்கே போகிறது?

சென்ற முறை இலண்டன் சென்றிருந்தபோது சகோதரரின் மகள் வீட்டில் கண்டதைச் சொல்ல வேண்டும். அங்கே வீடு முழுவதையும் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலனொன்றைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். சில நாட்களில் மாடியறை றேடியேற்றரின் மேற்பாதி குளிர்ந்து கிடந்தது. கொதிகலனின் அழுத்தமானியில் முள் இறங்கிக்கொண்டே வந்தது. பொருத்தியவரையே அழைத்தார்கள். வந்தவர் முதலில் தமது அடையாள அட்டையைக் காட்டினார். 2009 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து அந்நாட்டில் 'காஸ் சேப்' என்ற பதிவேட்டில் பெயர் இல்லாதவர் எரிவாயுக் கொதிகலனைத் தொட முடியாது. றேடியேற்றரில் அடைபட்டிருந்த காற்றைச் சிறு சாவியால் வெளியேற்றினார். முறைமை குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்ட பார் அளவில் இருக்க வேண்டுமென்று விளக்கி, நீரை நிரப்பினார். அத்துடன் போய்விடவில்லை. அழுத்தம் ஏன் இறங்கியது என்று ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்து, கசிந்த இடமொன்றைக் கண்டுபிடித்து இறுக்கினார். கொதிகலனோடு வந்த பதிவேட்டில் திகதியிட்டுக் கையொப்பமிட்டார். கொதிகலன் பொருத்தப்பட்ட செய்தி உரிய இடத்தில் பதிவாகி, விதிகளுக்கு அமைய வேலை நடந்ததென்ற சான்றிதழும் வீட்டுக்குத் தபாலில் வந்திருந்தது.

வெள்ளைக்காரன் நாட்டைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அங்கும் மோசக்காரர் உண்டு. ஆனால் வேலை செய்தவரின் பெயர் ஒரு காகிதத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கீசரின் உத்தரவாத அட்டையை எடுத்துப் பார்த்தேன். வாங்கியவர் பெயருண்டு, விற்ற கடையின் முத்திரையுண்டு, திகதியுண்டு. பொருத்தியவர் பெயரை எழுதுவதற்கு ஒரு கோடுகூட இல்லை.

*

இதையெல்லாம் நண்பர்களிடம் சொன்னபோது மூன்று விதமான மறுப்புகள் வந்தன. மூன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் மறுப்பு: "தோட்டத்துப் பிள்ளை ஒன்று நான்கு காசு உழைக்கிறது. அதன் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறாயா?"

இல்லை. அந்த இளைஞரைப் பிறகு அழைத்து, நண்பரை அருகில் வைத்துக்கொண்டு பேசினேன். லயத்தில் பிறந்து, சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, வயரிங் பாஸ் ஒருவருக்குப் பின்னால் சாமான் தூக்கித் தொழில் பழகியவர். நண்பர் ட்ரிப் சுவிட்சின் தத்துவத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது. "இதுவரைக்கும் நாப்பது, அம்பது வீட்டுல இப்பிடித்தான் ஐயா செஞ்சிருக்கேன். யாரும் எனக்கு இதச் சொல்லித் தரல்லையே" என்றார். அந்தக் கேள்வி அவருக்கானதா, நமக்கானதா? மின்பணியாளருக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் என்று ஒன்று இந்நாட்டில் இருக்கிறது. அது தோட்டத்து இளைஞரின் வாசலுக்கு, அவரது மொழியில், அவரது நாட்கூலியை இழக்கச் செய்யாத நேரத்தில் வந்ததா? அவரைச் சிறையில் தள்ளச் சொல்லவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்காமலே அவர் கையில் நம் உயிரை ஒப்படைத்தவர்களைக் கேட்கிறேன். பொருளை விற்று, 'இலவசம்' என்று ஆசை காட்டி, வேலையை மட்டும் கூலிக்கு மாரடிப்பவரிடம் தள்ளிவிடும் வணிகத்தைக் கேட்கிறேன்.

இரண்டாவது மறுப்பு: "கொழுந்து பறிப்பவர் கஞ்சிக்கு வழியில்லாமல் இருக்கும் ஊரில் சுடுதண்ணீரைப் பற்றி எழுதுகிறாயே!"

இந்த மறுப்பு என்னைச் சற்று நேரம் மௌனமாக்கியது உண்மை. ஊவாவின் மலைகளில் சூடு யாருக்கு உரியதாக இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். துரைமாரின் பங்களாவில் கணப்படுப்பு இருந்தது. குளியலறைக்குப் பின்னால் விறகு எரியும் பொயிலர் இருந்தது. தொழிற்சாலையில் தேயிலைக்குச் சூடு இருந்தது. பெல்பாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் 1881இல் தொடங்கிய நிறுவனம், 'சிரொக்கோ' என்ற பெயரில் இலையை உலர்த்தும் இயந்திரங்களைச் செய்து தேயிலை நாடுகளுக்கெல்லாம் அனுப்பியது. இலைக்கு எத்தனை பாகை வெப்பம், எத்தனை நிமிடம் என்று அங்கே கணக்குப் பார்த்தார்கள். அந்த இலையைப் பறித்தவர்களுக்கு லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவும், கவ்வாத்து மிலாறு எரியும் அடுப்பும், அதன் புகையும்தான். அந்த வரலாற்றை மாற்றுவதற்கு இன்று வழி பிறந்திருக்கிறது. கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு முதலில் வாங்கிக் கொடுக்கும் பொருட்களில் ஷவரில் பூட்டும் உடனடிச் சுடுநீர்க் கருவியும் ஒன்றாகி வருகிறது. வயலும் மழையும் குளிரும் கண்ட ஒரு தாய் தன் வாழ்நாளின் கடைசியில் சுடுதண்ணீரில் குளிப்பதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதனால்தான் பயமாக இருக்கிறது. அத்தகைய வீடொன்றில் அண்மையில் நான் கண்டது இது: 3,500 வாட் கருவி. 230 வோல்ற்றில் அது இழுப்பது பதினைந்து அம்பியருக்கும் மேல். அதனை 13 அம்பியர் செருகியொன்றில் பூட்டி, நீட்டுக் கம்பி வழியாக, தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் மின்சாரம் கொடுக்கும் அதே இணைப்பில் செருகியிருந்தார்கள். செருகி தொட்டால் சுட்டது. எர்த் கம்பி இருக்கிறதா என்று கேட்டேன். "பாஸ் அது தேவையில்லை எண்டு சொன்னாரு" என்றார்கள். என் வீட்டிலாவது தொழிற்சாலை நண்பர் ஒருவர் இருந்தார்.

மூன்றாவது மறுப்பு: "இத்தனை வருடம் இப்படித்தான் போகிறது. ஒன்றும் நடக்கவில்லையே!"

இதற்குப் பதில் சொல்ல அதிக தூரம் போக வேண்டியதில்லை. பதுளை மாவட்டத்துக்குள்ளேயே, கொஸ்லாந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் குடியிருக்கத் தகுந்ததன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது, கோப்பில் உறங்கியது. அதுவரை 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதே எல்லோருக்கும் போதுமான நியாயமாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உமா ஓயாச் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்தபோதும் மக்கள் சொன்னதை முதலில் எவர் கேட்டார்? 2017இல் ஊரே நகரில் திரண்டு தெருவை மறித்த பிறகல்லவா கொழும்புக்குக் காது கேட்டது? கீசரையும் மலைச்சரிவையும் ஒன்றாக்குகிறேன் என்று எவரும் சொல்ல வேண்டாம். விளைவுகள் ஒன்றல்ல. ஆனால் மனப்பழக்கம் ஒன்றுதான். சத்தமிடுவதை நிறுத்து, சத்தம் நின்றால் நோயும் நின்றது.

*

சட்டங்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் இருந்தது. 2024இல் 36ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 13 அம்பியர் சதுர முனைச் செருகியே நாட்டின் ஒரே தரமென்று 2016இல் முடிவெடுத்தார்கள், நல்ல முடிவு. செருகி எந்த வடிவில் இருக்க வேண்டுமென்று தீர்மானித்த அரசு, அதன் மறுமுனையைப் பிடித்திருக்கும் கை எதைக் கற்றிருக்கிறது என்று கேட்கவில்லை. புதிய வீட்டுக்கு மின்னிணைப்புப் பெறும்போது வயரிங் சோதனைச் சான்று கேட்கிறார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் எது வந்து சேர்ந்தாலும் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் கேட்பது பெரிய காரியங்களன்று. சுடுநீர் இயந்திரம் விற்பவர் எவராயினும், அதைப் பொருத்தியவரின் பெயரையும் தகைமையையும், பொருத்திய அன்று செய்த சோதனையின் முடிவையும் உத்தரவாத அட்டையில் எழுதி ஒப்பமிட வேண்டும்; அவ்வாறு எழுதாத அட்டை செல்லாதென்று சட்டம் சொல்ல வேண்டும். தோட்டங்களில் கட்டப்படும் ஒவ்வொரு புதிய வீட்டிலும் வேலை செய்யும் எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே திறப்புவிழாவுக்கு நாடா கட்ட வேண்டும். தோட்டத்து வயரிங் இளைஞர்களுக்குத் தமிழில், மாலை நேரத்தில், பதுளையிலும் பண்டாரவளையிலும் பயிற்சி நடத்த வேண்டும். மலையகத்தின் பெயரால் வாக்குக் கேட்பவர்கள் இந்த மூன்றையாவது செய்து காட்டட்டும்.

அவர்கள் செய்யும்வரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. புதிதாகக் கீசர் பொருத்தியவர்கள் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கலனில் நீர் நிரம்பி, சுடுநீர்க் குழாயில் தடையின்றி நீர் வந்த பிறகுதானா மின்சாரம் கொடுத்தீர்கள்? நீல வளையம் உள்வரும் குழாயிலும் சிவப்பு வளையம் வெளிச்செல்லும் குழாயிலும் இருக்கின்றனவா? சொட்டும் வால்வின் வாய் திறந்திருக்கிறதா, அதன் நீர் வடிய ஒரு குழாய் இருக்கிறதா? எர்த் கம்பி எங்கே பூட்டப்பட்டிருக்கிறது, காட்டுவீர்களா? கருவி இழுக்கும் மின்னோட்டத்தைக் கம்பியும் சுவிட்சும் தாங்குமா? ஐந்தில் ஒன்றுக்கு 'அது தேவையில்லை' என்று பதில் வந்தாலும் அன்று அதில் குளிக்காதீர்கள். குழாயைத் தொடும்போது சுள்ளென்றால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, விடயம் தெரிந்தவரை அழையுங்கள். சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்தால் அதைத் திட்டாதீர்கள். காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கீசருக்குப் புதிய வெப்பமூட்டும் கோல் போட்டாயிற்று. குழாய்கள் இடம் மாறின. அழுத்தம் குறைக்கும் வால்வு வந்தது. எர்த் கம்பி தன் இடத்துக்குத் திரும்பியது. வேலைகளையெல்லாம் நண்பர் பக்கத்தில் நிற்க, அதே இளைஞர்தான் செய்தார். தாம் முன்னர் வேலை செய்த வீடுகளின் பட்டியலொன்றை எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் போய் வருகிறார். சில வீட்டுக்காரர்கள் அவரை உள்ளே விடவில்லையாம். "நல்லாத்தானே வேலை செய்யுது, எதுக்குக் கிண்டுற?" என்று கேட்டார்களாம்.

உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சின் முகப்பில் 'ரி' என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியவுடன் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் உங்கள் வீட்டிலும் எவரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள், அல்லது அது செத்துப்போயிருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அழுத்திப் பாருங்கள். கணினி அணைந்துபோனால் பரவாயில்லை.